பெயர் ஏற்றும் நாள்

அந்த உலக வரைபடம் ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் உள்துணி தெரியும். ஆஸ்திரேலியாவின் கீழ்மூலையை எலி கடித்திருந்தது. எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்களுக்கென்று ஒதுக்கியிருந்த அறையில், ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அதை அவள் ஆணியடித்து மாட்டியிருந்தாள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை வாங்கிவந்து நாடு நாடாக ஒட்டிவைத்திருந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றால் அந்த நாட்டுக்குச் சிவப்புப் பொட்டு. பாதிக்குக் கீழே என்றால் கறுப்புப் பொட்டு. கணக்கே கிடைக்காத நாட்டுக்குப் பொட்டு கிடையாது. தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் அலுவலக உதவியாளர் ஒருநாள் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பொட்டில்லாத நாடெல்லாம் தாலியறுத்த நாடா மேடம் என்று கேட்டார். அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது சொற்பம்தான்.

அவள் பொருளியல் துறை, நான் தமிழ்த்துறை. இரண்டு பேருமே கௌரவ விரிவுரையாளர்கள். அந்தப் பதவியில் இருக்கும் கௌரவம் பெயரோடு சரி என்பதை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கோடை விடுமுறை விட்டால் எங்களைப் பணியிலிருந்து விடுவித்துவிடுவார்கள். மறுபடி கல்லூரி திறக்கும்போது சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அறை வாசலில் நின்று புதிதாகச் சேர வேண்டும். வருஷா வருஷம் ஒரே வீட்டுக்குப் புதுப்பெண்ணாகப் போகிறவர்கள் உலகத்தில் நாங்கள்தான். நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவர் வேறு ஊரிலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு நம் துறைக்கு வந்துவிட்டால், நம்முடைய வகுப்புகள் அவருக்குப் போய்விடும்; நாம் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எனக்கு இன்றைக்கும் இந்த வேலை இருக்கிறதென்றால் அது என் தமிழ்ப் புலமையால் அல்ல. எங்கள் தமிழ்த்துறைக்கு மாறுதல் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

மாணவர்கள் அவளை மலை மேடம் என்பார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் நடக்க வேண்டிய ஊர் அவளுடையது. அந்த ஊரிலிருந்து கல்லூரியில் பாடம் நடத்த இறங்கிவந்த முதல் பெண் அவள்தான். மலை மேடம் என்று கூப்பிடுவதில் பாதி அன்பு இருந்தது, பாதி இளக்காரம் இருந்தது. அவள் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டாள். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்து, சனிக்கிழமை சாயங்காலம் மலைக்குப் போய் திங்கட்கிழமை விடியலில் இறங்குவாள். என்னுடைய வீடு கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் பக்கம். ஆகவே சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் இருவரும் சேர்ந்துதான் போவோம். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்களின் பின்னால் அந்த பஸ் ஊர்ந்துகொண்டுதான் போகும். அவள் என்னிடம் பேசியதில் முக்கால்வாசி அந்த டிராக்டர்களின் தயவால் பேசியது.

இந்த நாடுகளின் கணக்கு அவளைப் பிடித்துக்கொண்டது ஒரு கருத்தரங்கில். சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் திரையில் ஒரு படம் காட்டினார். உயர்கல்வியில் பாடம் நடத்தும் பெண்கள் எந்தெந்த நாட்டில் எவ்வளவு என்று வரிசையாகக் கோடுகள் நின்றன. ஜப்பானின் கோடு நம்முடையதைவிடக் குட்டையாக இருந்தது. ஜப்பான்காரனையே தாண்டிவிட்டோம் என்று அவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. எனக்கும் பெருமையாக இருந்தது, நானும் தட்டினேன். பக்கத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் இடைவேளையில் என்னைத் தூணோரமாக இழுத்துக்கொண்டு போய், "அக்கா, அந்தக் கணக்குல நம்பளச் சேத்துக்கினாங்களா, இல்லியா?" என்று கேட்டாள். சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன என்று நான் சொன்னேன். சேர்த்திருந்தால் நம்மை என்னவென்று சேர்த்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு அப்போது பசி. பிஸ்கட் தட்டைத் தேடிப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலைதான். முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்து, இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டாள். நாடுகளுக்கு நாடு ஒப்பிட்டுப் பார்ப்பது லேசான காரியம் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு எண்ணை எழுதி எது பெரியது என்று பார்த்தால் முடிந்தது. அவள் பஸ்ஸில் சொல்லச் சொல்லத்தான் அதில் இருக்கும் சிக்கல் புரிந்தது. ஒரு நாட்டில் செவிலியர் பயிற்சி நடத்துகிறவர்களையும் கல்லூரி ஆசிரியர் என்று எழுதுவார்களாம். இன்னொரு நாட்டில் எழுத மாட்டார்களாம். ஒரு நாட்டில் மணிக்கணக்குக்கு வந்து போகிறவர்களும் தலைதான், மற்றொரு நாட்டில் அவர்கள் தலையே இல்லை. "சாமையையும் அரிசியையும் ஒரே படியில அளந்துட்டு, இந்தா நீ ஜாஸ்தி நீ கம்மின்னு சொல்லிக்கினு இருக்கறாங்கக்கா" என்றாள். பர்மாவில் பெண்கள் மிகமிக அதிகம் என்று கண்டுபிடித்த அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அவள் படவில்லை. ஆண்கள் நல்ல வருமானம் தேடி வேறு வேலைக்குப் போய்விட்டதால் மீந்துபோன வேலையாகவும் அது இருக்கலாம், தெரியாமல் பொட்டு வைக்கக் கூடாது என்றாள். பர்மாவுக்கு வெகுநாள் பொட்டு இல்லாமலே இருந்தது.

அப்புறம் அவள் சொன்னதை நான் என் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவளுடைய ஊர் ஆண்கள் வேலை தேடிக் கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் போய்விடுவார்கள். கொல்லை என்று அவர்கள் சொல்லும் நிலத்தில் சாமை, தினை, மரவள்ளி எல்லாவற்றையும் பார்ப்பது பெண்கள். "எங்க ஊரு கொல்லையில போயி தலைய எண்ணிப் பாருங்கக்கா, பொம்பளைங்கதான் ஜாஸ்தி. அதுக்கோசரம் கொல்லை பொம்பளைங்க பேருலயா இருக்குது?" முன்னால் போன டிராக்டரிலிருந்து ஒரு கரும்பு சரிந்து விழுந்து, பஸ் அதன்மேல் ஏறி இறங்கியது. நான் அவளையே பார்த்தேன். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவள் வருஷா வருஷம் முதல்வர் அறை வாசலில் நிற்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆய்வேட்டை ஒப்படைக்கும் வரைக்கும் இந்த வேலை இருக்க வேண்டும். கல்லூரியில் பணியாற்றுகிறவர் என்ற முறையில்தான் அவளைப் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தார்கள். வேலை போனால் பதிவும் ஆட்டம் காணும். பட்டம் கைக்கு வந்துவிட்டால் எங்கேயாவது நிரந்தரமாக உட்கார ஒரு வழி பிறக்கும் என்பது அவள் நம்பிக்கை. மலையில் அவளுடைய அப்பா கல்யாணப் பேச்சை எடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. பட்டம் வாங்கிக்கொண்டு வா, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். ஊரில் அவரைப் பார்த்து, இன்னும் படிச்சிக்கினேதான் இருக்குதா உன் பொண்ணு என்று கேட்காதவர் கிடையாது. அவருக்காகவாவது முடித்துவிட வேண்டும் என்பாள். அவள் அவ்வளவு பயந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எங்களைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் எல்லாக் கல்லூரிகளும் தங்கள் ஆசிரியர்களின் பெயர்களை, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று டெல்லிக்குக் கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட ஒரு தேதியில் யார் யார் பணியில் இருந்தார்களோ அவர்கள் எல்லாருடைய பெயரும் போகும். நாடு நாடாக ஒப்பிட்டுக் கோடு போடுவதெல்லாம் இப்படி ஏறுகிற பெயர்களை வைத்துத்தான். பெயர் ஏறிவிட்டால் அந்த வருஷத்துக்கு நம்மை யாரும் அசைக்க முடியாது என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, எந்த விதியிலும் அப்படிக் கிடையாது. ஆனாலும் பெயர் ஏற்றும் நாள் எங்களுக்குத் திருவிழா. வேலை முடிந்ததும் எல்லாரும் கூட்டமாக வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போய் போண்டா சாப்பிடுவோம். நிரந்தரப் பேராசிரியர்கள் எங்களைப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

அந்த ஏற்றும் வேலையை முதல்வர் மலை மேடத்திடம்தான் கொடுத்திருந்தார். எண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண், தப்பு வராது என்பார். அவள் எல்லாருடைய பெயரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாகத்தான் தன் பெயரை ஏற்றுவாள். விருந்து வைத்த வீட்டுக்காரி எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவதைப்போல. இத்தனை படித்தவளே, இத்தனை கேள்வி கேட்கிறவளே அந்த நம்பிக்கையில் எங்களோடு இருந்தாள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டெல்லிக்குப் போன பேரை எவன் வந்து அழிப்பான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் ஒரு வருஷம் பொருளியல் துறைக்கு மாறுதலில் ஒரு அம்மா வந்தார். சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நிரந்தரப் பணியில் இருந்தவர். சங்கராபுரத்தில் அவருடைய தாயார் படுக்கையில் விழுந்துவிட்டதால் மாறுதல் கேட்டிருக்கிறார். நியாயமான காரணம், நல்ல மனுஷி. அவர் வந்த அன்றைக்கே எங்கள் அறையில் பேச்சு நின்றுவிட்டது. பொருளியல் துறையில் கௌரவ விரிவுரையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி இவள். மற்றவன் இவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு தம்பி. வந்தவருக்கு வகுப்புகளைக் கொடுத்தபின் மிச்சம் இருந்தது ஒருவருக்குத்தான் போதும். பின்னால் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பதுதான் எங்கள் கல்லூரியில் நடைமுறை. ஆகவே இவளுக்கு ஆபத்தில்லை என்று நான் தைரியம் சொன்னேன்.

முதல்வர் கூப்பிட்டுவிட்டபோது என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, தன் சங்கடத்தையெல்லாம் சொன்னார். அந்தத் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், அவன் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் நடக்கிறது, இவள் தனியாள், மேலே மலையில் நிலம் இருக்கிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை என்றார். நான்தான் சார் முன்னால் சேர்ந்தவள் என்று இவள் மெதுவாக ஞாபகப்படுத்தினாள். அதற்கு அவர் சொன்ன பதிலை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "இப்ப வந்திருக்கறதும் லேடிதானேம்மா. நீ போனாலும் பொம்பளைங்க எண்ணிக்கை அப்பிடியேதான் இருக்கப்போவுது. அவன் போயிட்டா டிபார்ட்மென்ட் முழுக்க லேடீஸா ஆயிடும். அப்பால டூரு, கேம்ப்புன்னா யாரு போறது?" அவளுடைய ஆராய்ச்சியை அவளுக்கே படித்துக் காட்டினார் மனுஷன்.

நான்தான் வாயைத் திறந்தேன். இது அநியாயம் சார், ஒரு பெண் வந்ததற்கு ஒரு பெண்ணை அனுப்பினால் சரியாகிவிடுமா, பெண்கள் என்ன பஸ்ஸில் லேடீஸ் சீட்டா, ஒருத்தி உட்கார ஒருத்தி எழுந்திருக்க என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஜூன் மாதம் நீங்களும் இந்த அறை வாசலுக்குத்தான்மா வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். வந்தால் வருகிறேன் சார் என்றேன். அந்த வீறாப்பால் அவளுக்கு ஒரு வகுப்புகூட மிஞ்சவில்லை. செமஸ்டர் பாதியில் பாடம் நிற்கக் கூடாது, முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அந்தத் தம்பி எங்கள் அறைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் அடுத்த ஜூன் ஒன்று உண்டு.

புதிதாக வந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது, என்னாலயா, நான் வந்ததாலயா என்று கேட்டு அழுதார். போகப்போகிறவள்தான் இருக்கப்போகிறவருக்குச் சமாதானம் சொன்னாள். தன் பாடக்குறிப்புகளையெல்லாம் எடுத்துக் கொடுத்து, எந்த வகுப்பில் யாருக்கு ஆங்கிலம் வராது, எந்தப் பிள்ளை மலையிலிருந்து வருகிறது, மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் யார் யார் தாமதமாக வருவார்கள் என்பதையெல்லாம் சொல்லிவைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், அடடா, இந்தத் துறையில் எத்தனை பெண்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த வருஷம் பெயர் ஏற்றும் வேலை அவளுடைய கடைசி வாரத்தில் வந்து நின்றது. வேறு யாருக்கும் அது தெரியாது என்பதால், போவதற்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிட்டுப் போம்மா என்று முதல்வர் கேட்டுக்கொண்டார். கேட்கிற அவருக்குக் கூச்சம் இல்லை, செய்கிற இவளுக்கும் இல்லை. நான்தான் வெந்துகொண்டிருந்தேன். டெல்லிக்காரர்கள் சொன்ன தேதியில் புது அம்மாவும் சேர்ந்திருந்தார், இவளும் வேலையில்தான் இருந்தாள். விதிப்படி இரண்டு பெயரும் ஏற வேண்டும். உன் பெயரை ஏற்றாதே என்று நான் சொன்னேன். உன்னை வெளியே தள்ளுகிறவர்களுக்கு நீ எதற்கு ஒரு தலையைக் கூட்டிக் காட்ட வேண்டும், குறைந்தால் குறையட்டும், ஏன் குறைந்தது என்று எவனாவது கேட்கட்டும் என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு நான் இருந்தேனேக்கா. கிளாஸ் எடுத்தேனே. இருந்தத இல்லன்னு எப்பிடி எழுதறது? அந்த நாட்டுக்காரன் சரியா எண்ணல, இந்த நாட்டுக்காரன் சரியா எண்ணலன்னு தீசிஸ் பூரா எழுதிட்டு, நானே தப்பா எழுதட்டா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாருக்கும் பின்னால் வழக்கம்போலத் தன் பெயரை ஏற்றினாள். அவளை அனுப்பிய வருஷத்தில்தான் எங்கள் கல்லூரியில் பெண்களின் எண்ணிக்கை ஒன்று கூடியது. முதல்வர் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, லேடீஸ் ஏறிட்டாங்க என்றார். வழக்கத்தை விடக் கூடாதென்று நாங்கள் டீக்கடைக்குப் போனோம். அவள் ஒரு போண்டாவைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

வரைபடத்தைச் சுருட்டி, இரண்டு பக்கமும் சணல் கட்டி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக என்னோடு பஸ்ஸில் வந்தாள். முழுநேர மாணவியாக மாறிக்கொண்டால் பதிவு நிற்கும் என்று அவளுடைய வழிகாட்டி சொல்லியிருந்தார். அதற்கு அவர் இருக்கும் ஊரில் போய்த் தங்க வேண்டும். கொஞ்ச நாள் முயற்சி செய்தாள். தனியார் கல்லூரி ஒன்றில் கேட்டாள், எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, மேலேயே தங்கிவிட்டாள். அவள் ஊரில் போன் எடுப்பது அபூர்வம், எடுத்தாலும் பாதியில் அறுந்துவிடும். ஆய்வேடு என்ன ஆச்சு என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பது அவளைக் குத்துவதாக ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். பெயர் ஏற்றும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. டீக்கடைக்குப் போகும் வழக்கம் விட்டுப்போயிற்று.

சமீபத்தில் எங்கள் கல்லூரியில் மறுபடி ஒரு கருத்தரங்கு. பேச்சாளர் வேறு, திரை புதிது, கோடுகள் மட்டும் அதே கோடுகள். நம் நாட்டின் கோடு முன்பைவிட உயர்ந்திருந்தது. கைதட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்த வருஷத்தைப் பார்த்தேன். இந்தக் கணக்கெல்லாம் எண்ணிக் கூட்டி வெளியே வர நாளாகும். இன்று காட்டுவது என்றைக்கோ எண்ணியது. அது அவள் கடைசியாகப் பெயர் ஏற்றிய வருஷம். அத்தனை லட்சம் தலைகளில் அவளுடையது ஒன்று. அவள் தலையால் அந்தக் கோடு மயிரிழைகூட உயர்ந்திருக்காது, எனக்கும் தெரியும். ஆனாலும் அவளும் அதில் இருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் கச்சிராயபாளையத்தில் இறங்கியும் வீட்டுக்குப் போகாமல், மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

தை மாதக் குளிர். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் போய் இறங்கி, வழி கேட்டுக்கேட்டு நடந்தேன். அவள் வீட்டு வாசலில் கடுக்காய் காயப்போட்டிருந்தார்கள். அவளும் அவளுடைய அண்ணியும் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேலே அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என் பிள்ளைகளைக் கேட்டாள். புது அம்மாவின் தாயாரைக் கேட்டாள். அந்தத் தம்பியைக் கேட்டாள். அவனும் போன ஜூனில் போய்விட்டான் என்றதும் த்சொ என்றாள். அப்பா உள்ளே படுத்திருந்தார். இருமல் சத்தம் மட்டும் கேட்டது. டீ குடித்து முடிக்கும் வரைக்கும் ஆய்வேட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கருத்தரங்கைப் பற்றிச் சொன்னேன். கோடு உயர்ந்திருக்கிறது என்றேன். எந்த வருஷத்துக் கணக்கு என்றுதான் முதல் கேள்வி கேட்டாள். அதே ஆராய்ச்சிக்காரிதான், சட்டைதான் மாறியிருக்கிறது. வருஷத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கடுக்காயைக் கீழே போடவில்லை. கொஞ்ச நேரம் அதையே விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றுதான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவள் திட்டவில்லை.

"அப்ப டெல்லியில நான் இன்னும் பாடம் நடத்திக்கினுதான் இருக்கறேன்" என்றாள்.

ஆமாம்மா என்று சொன்னேன். அண்ணிக்கு எங்கள் பேச்சு புரியவில்லை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த கணக்குல எடுத்துடுவாங்க இல்லக்கா?"

எடுத்துவிடுவார்கள் என்றேன். அவள் பெயர் இல்லாத அந்த அடுத்த வருஷத்துக் கணக்கை டெல்லிக்கு ஏற்றியதே நான்தான். உள்ளே அப்பா மறுபடி இருமினார். அவள் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"அதுவரைக்கும் இருக்கட்டும்க்கா."